குளத்தை குளம் எண்டே எழுதுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் வட்டக்கச்சியில இருந்து எழுதுறன், இரணைமடுக்குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஆள். போன மாரியில மழை விடாமப் பெஞ்சுகொண்டிருந்த ஒரு இரவு மகன்ட போனுக்கு இங்கிலீஷில ஒரு அறிவித்தல் வந்தது, அவன் அதைப் போனிலயே தமிழாக்கி வாசிச்சான், தொட்டியின் கசிவு வாயில்கள் திறக்கப்படும் எண்டு கிடந்தது. வீட்டில ஒருத்தருக்கும் விளங்கேல்ல. மருமகள் டோர்ச்சோட போய் கிணத்தடித் தொட்டியைப் பாத்திட்டு வந்தா. பிறகு பக்கத்து வீட்டு அண்ணை ஓடிவந்து "வான்கதவு திறக்கப் போறாங்களாம்" எண்டு கத்தின உடனதான் மாட்டை அவிட்டு மேட்டுக்கு விட்டு நெல்லு மூட்டையளை உயத்தி வைச்சம். வான்கதவு எண்டா குளம் நிரம்பேக்க மிச்சத் தண்ணியை வெளியில விடுற கதவு எண்டு எங்கட சனத்துக்கு நித்திரையிலயும் விளங்கும். அந்த ஒரு சொல் இல்லாததால அரை மணித்தியாலம் போட்டுது.

எல்லாம் குளத்துக்கும் போடுற டாங்க் எண்ட இங்கிலீஷ் சொல்லால வந்தது. மோட்டசைக்கிளுக்கு ஃபுல் டாங்க் அடி எண்டுறம், கூரையில வைக்கிற கறுத்த பிளாஸ்டிக்கும் டாங்க்தான், 2009ல இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில வாளியோட வரிசையில நிண்டதும் அதுக்கு முன்னாலதான். கிளிநொச்சி டவுனில ஏ9 றோட்டோரம் சரிஞ்சு கிடந்த பெரிய தண்ணித் தாங்கியை ஆரும் மறக்கேலாது. சண்டைக்கு வாற இரும்பு வண்டிக்கும் அதே பேர். 1916 செப்டெம்பர் 15 பிரான்ஸில சொம் ஆத்துப் பக்கம் பிரிட்டிஷ்காரர் அதை முதல்முதல் இறக்கினவை, ரகசியம் வெளியில போகக்கூடாது எண்டு தண்ணித் தாங்கி செய்யிறம் எண்டு சொல்லித்தான் செய்தவையாம், பேந்து அந்தப் பேரே நிலைச்சிட்டுது. சொல்லும் அவையின்ர சொந்தச் சொல் இல்லை, குஜராத்தி மராத்திப் பக்கம் தண்ணி சேத்து வைக்கிற இடத்தைச் சொல்லுற டாங்கி எண்ட சொல்லில இருந்தும் போத்துக்கீசரிட்ட இருந்தும் போனது எண்டு அகராதிக்காரர் சொல்லுகினம். தண்ணிக்கு வைச்ச பேர் அது.

அதாலதான் எங்கட நாட்டு இங்கிலீஷில குளத்தையும் டாங்க் எண்டு எழுதுறது. மன்னார் கட்டுக்கரைக்குளம் இங்கிலீஷில ஜயன்ட்ஸ் டாங்க். என்ர பேத்தி பள்ளிக்கூட வேலைக்கு அதை 'இராட்சதனின் தாங்கி' எண்டு எழுதிக்கொண்டு வந்தாள், அருவியாத்துத் தண்ணி வந்து நிறையிற குளம் பிள்ளை எண்டு சொல்ல, "அப்ப அது குளமோ அப்பப்பா" எண்டு கேட்டாள். எனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்ல. புளியங்குளம், கனகராயன்குளம், அக்கராயன்குளம், வவுனிக்குளம் எண்டு ஊர்ப்பேரெல்லாம் குளமாக் கிடக்கிற வன்னியில பிறந்த பிள்ளை.

தாங்கி பிழையான சொல் எண்டு நான் சொல்லேல்ல, சுமைதாங்கி மாதிரி நல்ல தமிழ்தான், சத்தமும் டாங்க்கோட ஒத்துப்போகுது, கூரையில இருக்கிறதுக்கு அது சரி. ஆனா குளத்துக்கு கட்டு இருக்கு, அலைகரை இருக்கு, வயலுக்குத் தண்ணி திறந்து விடுற துருசு இருக்கு, மிச்சத் தண்ணி பாயுற வான் இருக்கு, கட்டில மருதமரம் நிக்குது, வான் பாயேக்க சனம் பாக்கப் போகும், சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் விதைக்கலாம் எண்டு அந்தத் தண்ணியைப் பாத்துத்தான் கூட்டம் வைச்சு முடிவெடுக்கிறது. இதெல்லாத்தையும் எப்பிடித் தாங்கி எண்டோ தொட்டி எண்டோ எழுதுறது?

உங்கட பேப்பரிலயும் இங்கிலீஷ் செய்தியை அவசரத்தில மாத்தேக்க இப்பிடி வந்திடும், தயவுசெய்து குளத்தின்ர பேரைப் போட்டு வான்கதவு, துருசு எண்டே எழுதச் சொல்லுங்கோ. ஒரு சின்னப் பெட்டிச் செய்தியா இந்தச் சொல்லுகளையும் அதுகளின்ர இங்கிலீஷையும் பக்கத்தில பக்கத்தில போட்டா பெடியள் வெட்டி வைச்சிருப்பினம். ஐப்பசி பிறக்க முந்திப் போட்டியளெண்டா இந்த மாரிக்கே உதவும்.

இப்படிக்கு,
வட்டக்கச்சி வாசகன்