பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய கழகத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025–26 கல்வியாண்டுக்கான அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வழக்கமான பணிகள் தடையின்றி நடந்தன. குடிநீர்த் தொட்டி மாதந்தோறும் கழுவப்பட்டு, கழுவிய தேதி தொட்டியின் மேலேயே எழுதப்படுகிறது. ஜூனில் பழைய பாடப்புத்தகப் பரிமாற்றம் நடந்தது. மேல் வகுப்புப் பிள்ளைகள் அட்டை போட்டுப் பெயர் அழித்துக் கொடுத்த புத்தகங்கள் அன்றே தீர்ந்துவிட்டன. வேன்களில் பெண் உதவியாளர் வேண்டும் என்ற சென்ற ஆண்டுத் தீர்மானம் பெரும்பாலான வழித்தடங்களில் நிறைவேறிவிட்டது. மீதியைப் பள்ளி நிர்வாகம் அடுத்த ஜூனுக்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்த ஆண்டு நம் நேரத்தையும் மனத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டது வகுப்பறைக் கேமரா. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஜூலை 21 அன்று சிபிஎஸ்இ (மத்திய இடைநிலைக் கல்வி வாரியம்) தன்னோடு இணைந்த பள்ளிகளுக்கான இணைப்பு விதிகளைத் திருத்தியது. நுழைவாயில், நடைக்கூடம், படிக்கட்டு, வகுப்பறை, ஆய்வகம், நூலகம், உணவகம், விளையாட்டுத் திடல் என்று கழிவறை தவிர்த்த எல்லா இடங்களிலும் காட்சியோடு ஒலியையும் பதியும் கேமரா இருக்க வேண்டும். பதிவு குறைந்தது 15 நாள் சேமிப்பில் இருக்க வேண்டும். நம் பள்ளியில் அதுவரை வாசலிலும் நடைக்கூடத்திலும் மட்டும்தான் கேமரா இருந்தது. வாரியத்தின் இணைப்பு வேண்டுமென்றால் இனி வகுப்பறையிலும் வைத்தாக வேண்டும். ஆகவே வைக்கலாமா கூடாதா என்று வாக்கெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்த்ததை என்ன செய்வது என்பதையெல்லாம் அந்த உத்தரவு முடித்துவைக்கவில்லை. நம் வேலை அங்கேதான் இருந்தது.

ஆகஸ்டில் கூடிய செயற்குழுவுக்கு எல்.கே.ஜி., யு.கே.ஜி. பெற்றோர் பலர் கையெழுத்திட்ட மனு ஒன்று வந்தது. வகுப்பில் நடப்பதை நேரலையாகத் தங்கள் கைப்பேசியில் பார்க்க வசதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். "என் பொண்ணுக்கு மூணரை வயசு. யாராவது அடிச்சாக்கூட வீட்டுக்கு வந்து சொல்லத் தெரியாதுங்க" என்றார் ஒரு தாய். அந்தப் பயத்தை யாரும் தள்ளிவிட முடியாது. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும் ஒவ்வொருவர் மனத்திலும் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 2017 செப்டம்பர் 8 அன்று குருகிராமில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். நாடே பதறியது. அதே மாதம் சிபிஎஸ்இ எல்லாப் பள்ளிகளுக்கும் பாதுகாப்புச் சுற்றறிக்கை அனுப்பியது. டெல்லி அரசு தன் பள்ளிகளில் வகுப்பறைதோறும் கேமரா வைக்க முடிவெடுத்தது. பெற்றோர் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று 2018 ஜனவரியில் டெல்லியின் அன்றைய முதலமைச்சர் கெஜ்ரிவால் அறிவித்தார். 2019 ஜூலையில் லஜ்பத் நகர்ப் பள்ளி ஒன்றில் திட்டம் தொடங்கியது. தடை கேட்டுப் போனவர்களுக்கு அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை தரவில்லை. பெற்றோர் சங்கமும் அரசுப் பள்ளி ஆசிரியர் சங்கமும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பெற்றோரே எதிர்த்தார்கள் என்பது நம் கூட்டத்தில் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

குருகிராம் வழக்கை நான் மீண்டும் படித்தேன். காவல்துறை முதலில் பள்ளிப் பேருந்தின் நடத்துநரைக் கைது செய்தது. பிறகு வழக்கை ஏற்ற சிபிஐ, அதே பள்ளியின் 11ஆம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. கொலை நடந்த இடம் கழிவறை. கேமரா வைக்கவே கூடாது என்று எல்லா விதிகளும் விலக்கிவைத்திருக்கும் இடம் அது. எந்தத் துயரத்தைக் காட்டி வகுப்பறைக்குள் கேமரா வந்ததோ, அந்தத் துயரம் வகுப்பறையில் நடக்கவில்லை. கழிவறைப் பக்கம் ஆயாவை நிறுத்துவது, பெரிய பிள்ளைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிவறை ஒதுக்குவது, பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்ப்பது ஆகியவை முதலில் முடியட்டும் என்று செயற்குழு கேட்டது. மூன்றும் அரையாண்டுத் தேர்வுக்குள் முடிந்தன. இதற்காக முதல்வருக்கு நம் கழகம் கடமைப்பட்டிருக்கிறது.

செப்டம்பரில் ஆசிரியர்களோடு பேசினோம். கேமராவை எதிர்ப்பவர்கள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று முதலில் எல்லோரும் தயங்கினார்கள். பிறகு ஓர் ஆசிரியை எழுந்து, "அதட்டவும் பயம், தட்டிக்கொடுக்கவும் பயம் சார். அழுற பிள்ளைய அணைச்சுக்கிட்டா அதை எங்கேயோ இருந்து பார்க்கிறவங்க என்னன்னு எடுத்துக்குவாங்க?" என்று கேட்டார். இன்னொருவர், நாள் முழுக்கக் கரும்பலகை முன் நிற்கும் தன்னை முகம் தெரியாத ஆண்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது என்றார். இது வீண் பயமில்லை. 2025 பிப்ரவரியில், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு டெலிகிராமில் விலைக்குப் போனது வெளிவந்தது. பாதுகாப்புக்கு என்று வைத்த கேமராதான் அந்தப் பெண்களைச் சந்தைக்குக் கொண்டுபோனது.

நேரலையில் இருக்கும் சிக்கலும் இதுவே. பதிவுப் பெட்டி பூட்டிய அறையில், இணையத் தொடர்பின்றி இருந்தால் வெளியாள் அதைத் தொடவேண்டுமானால் அறைக்குள் வரவேண்டும். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் அதை இணையத்தோடு இணைத்தே ஆகவேண்டும். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் 40 வீடுகளுக்குக் கடவுச்சொல் போகும். என் பிள்ளையைப் பார்க்க நான் வாங்கும் வசதியில் மற்ற 39 பிள்ளைகளும் தெரிவார்கள். அவர்களின் பெற்றோரிடம் நான் அனுமதி கேட்டேனா? ஒரு பிள்ளை திட்டு வாங்குவதை, பாவாடை நனைந்து அழுவதை, யாரோ திரையோடு படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதைத் திரும்பப் பெற யாராலும் முடியாது.

சட்டமும் இங்கே பேசுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் கல்வி நிலையங்களுக்கு, கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் மட்டும், அதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கைப்பேசியில் பார்ப்பது இந்த இரண்டில் எதிலும் சேராது என்பதே என் புரிதல்.

கேமரா விற்க வந்த முகவர் ஒருவர், முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு போடும் மென்பொருளையும் இணைத்துத் தருவதாகச் சொன்னார். ஸ்வீடனில் ஷெலெஃப்தெயோ நகரத்துப் பள்ளி ஒன்று 22 மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. பெற்றோர் சம்மதம் வாங்கியிருந்தும் 2019இல் அதற்கு 2 லட்சம் குரோனா அபராதம் விழுந்தது. பள்ளியிடம் பிள்ளையை ஒப்படைத்திருப்பவர் தரும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கொள்ள முடியாது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். மென்பொருள் வேண்டாம் என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

மாணவர்களையும் கேட்டோம். கேட்காமல் இருந்திருந்தால் ஒரு விஷயம் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், "பி.டி. பீரியடுக்கு முன்னாடி கதவைச் சாத்திட்டு கிளாஸ்லதான் டிரெஸ் மாத்துவோம். இனிமே எங்க மாத்துறது?" என்றார். அந்த அறையில் இருந்த பெரியவர்கள் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. மாணவிகளுக்கு உடை மாற்றும் அறை தயாராகும்வரை 6ஆம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்பிலும் கேமரா பொருத்தக்கூடாது என்று அன்றே எழுதிக் கொடுத்தோம். நிர்வாகம் மறுக்கவில்லை. தரைத்தளத்தில் சும்மா கிடந்த பொருள் வைப்பறை டிசம்பரில் உடை மாற்றும் அறையானது.

நிர்வாகத்தோடு எட்டிய உடன்பாட்டை இப்போது சொல்கிறேன். நேரலை யாருக்கும் கிடையாது, தாளாளர் உட்பட. பதிவுப் பெட்டியின் அறைச்சாவி முதல்வரிடமும் கடவுச்சொல் துணை முதல்வரிடமும் இருக்கும். ஒருவரால் மட்டும் திறக்க முடியாது. பெட்டியோடு வந்த கடவுச்சொல் முதல் நாளே மாற்றப்பட்டுவிட்டது. யார், எந்தத் தேதி, எத்தனை மணிப் பதிவை, எதற்காகப் பார்த்தார் என்பது பதிவேட்டில் ஏறும். பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால், முதல்வரும் நம் கழக உறுப்பினர் ஒருவரும் உடனிருக்க, குறிப்பிட்ட அந்த நேரத்தை மட்டும் பார்க்கலாம். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிடவோ பதவி உயர்வுக்கோ பதிவைப் பயன்படுத்தக் கூடாது. தொழில்நுட்பர் கணக்குப்படி, விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இரவும் பகலும் பதிந்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி வேண்டும். 12 கேமராக்கள் 15 நாளில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை நிரப்பிவிடும். அதற்கு மேல் பழைய பதிவின் மீதே புதியது ஏறும்.

அந்த 15 நாள் கணக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தனக்கு நேர்ந்ததைப் பிள்ளை அன்றே வந்து சொல்வது அரிது. வாரங்கள், மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துத்தான் வாய் திறக்கும். அப்போது பெட்டியில் ஒன்றும் இருக்காது. பதிவு இல்லையென்றால் நடக்கவும் இல்லை என்று யாராவது அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடும் ஆபத்தைக் கேமரா புதிதாகக் கொண்டுவருகிறது. ஆகவே உடன்பாட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். பதிவு இல்லை என்பதைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையின் புகாரையும் தள்ளுபடி செய்யக்கூடாது. பாலியல் குற்றம் என்ற சந்தேகம் எழுந்தாலே போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. பள்ளிக்குள்ளேயே பதிவைப் போட்டுப் பார்த்து விசாரித்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. பதிவை உடனே தனியே எடுத்துவைத்து, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இப்போது எல்லா வகுப்புக் கதவிலும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பெற்றோருக்கு நேரலைக்குப் பதிலாக ஒன்று பெற்றுத் தந்திருக்கிறோம். அந்த வகுப்புக் கதவுகளில் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கிறது. ஆசிரியையும் ஆயாவும் எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள். பெற்றோர் எந்த வேலை நாளிலும் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து, வாசலில் கையெழுத்திட்டு, கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போகலாம். மனு கொடுத்தவர்களில் சிலருக்கு இதில் இன்னும் நிறைவில்லை. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பகலில் வர முடியாது என்கிறார்கள். அது நியாயமான குறை. அவர்களுக்கு மாற்று வழி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இன்று பொதுக்குழுவின் முடிவுக்காக இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். முதலாவது, வகுப்பறையில் காட்சியை மட்டும் பதிந்து ஒலியை விட்டுவிட அனுமதி கேட்டு சிபிஎஸ்இக்குக் கடிதம் எழுதுவது. வகுப்பில் பிள்ளை கேட்கும் அசட்டுக் கேள்வியும், தவறாகச் சொல்லும் பதிலும் பதிவாகிறது என்று தெரிந்தால் கை தூக்கும் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள் என்று ஆசிரியர்களும் நாங்களும் அஞ்சுகிறோம். கடிதத்தின் வரைவு உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது, கேமராச் செலவைக் கல்விக் கட்டணத்தில் ஏற்றுவதற்கு முன் அதற்கான ரசீதுகளை நம் கழகத்திடம் காட்ட வேண்டும் என்பது. பார்வைப் பதிவேட்டைப் பருவத்துக்கு ஒருமுறை சரிபார்க்கத் தாய்மார் ஒருவரும் தந்தையர் ஒருவரும் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்