சிப்பை அரைப்பதற்கு முன்

கண்ணா,

நீ அனுப்பிய இரண்டு படமும் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபேமிகாம் என்கிற பழைய நிண்டெண்டோ வீடியோ கேம் பெட்டியின் போர்டிலிருந்து, கணக்குப் போடுகிற சிபியூ, படம் வரைகிற பிபியூ இரண்டையும் ஒரு தடம்கூடப் பெயராமல் கழற்றியிருக்கிறாய். நாற்பது கால் ஐசியில் கிரவுண்டுக் கால் எவ்வளவு சூட்டை இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் ஏற்றி உருக்கித்தான் எடுத்திருப்பாய். தாத்தா கை அப்படியே உனக்கு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். படம் வந்த நேரம் ராத்திரி மூணே கால். கூட ஒரு வரி இல்லை.

ஐசி மேல் நீ போட்டிருக்கிற கோட்டைப் பார்த்தால் பிளாஸ்டிக்கை அரைத்துச் சின்னதாக்கப் போகிறாய் என்று புரிகிறது. அந்தப் பெட்டி உள்ளங்கையில் அடங்க வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை. ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் சிலிக்கான் இருப்பது நடுவில் சில மில்லிமீட்டர்தான், மீதியெல்லாம் கால்களுக்குப் போகிற உலோகப் பட்டைகள். ஆனால் நீ போட்ட கோடு நடுவுக்கு ரொம்பப் பக்கம். உள்ளே போகப் போகப் பட்டைகள் நெருங்கிவிடும், ஈயம் வைக்க இடம் இருக்காது. அதற்கும் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். அதைத் தொட்டால் சிப் முடிந்தது. 1983இல் வந்த சாமான், அதன் சிபியூவான 2ஏ03-ஐயும் பிபியூவான 2சி02-ஐயும் இப்போது யாரும் செய்வதில்லை. கோட்டை இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளு.

அரைப்பதற்கு முன் இரண்டையும் சாக்கெட்டில் போட்டு, பழைய போர்டிலேயே ஓட்டிப் பார். பிறகு மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, ஒவ்வொரு காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வருகிற அளவைக் குறித்துக்கொள். அரைத்த பிறகு அதே அளவு வருகிறதா என்று ஒப்பிடு. ஈரம் வைத்தே தேய், முகமூடி போட்டுக்கொள், அந்தப் பொடியில் சிலிக்கா இருக்கிறது. தூக்கம் கண்ணில் இருக்கும்போது அரைக்காதே.

மற்ற ஐசிகளுக்குப் பழசுதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 2 கிலோபைட் ராம் இரண்டும், 139, 368 என்கிற லாஜிக் சிப்புகளும் போர்டின் மேல்பரப்பிலேயே ஈயம் வைக்கிற சின்ன எஸ்எம்டி உருவில் கிடைக்கின்றன. 373 மட்டும் யோசித்து வாங்கு. அதுதான் பிபியூவின் முகவரியைப் பிடித்து வைக்கிற லாட்ச். எல்எஸ் (LS) அல்லது எச்சிடி (HCT) வகையாக இருக்கட்டும், வெறும் எச்சி (HC) வகை வேண்டாம். பிபியூ போன்ற பழைய என்மாஸ் சிப் "ஹை" என்று தருகிற வோல்டேஜ் எச்சி எதிர்பார்க்கிற 3.5 வோல்ட்டை எட்டாமல் போகலாம். திரையில் கட்டங்கள் குழம்பித் தெரியும், நீ ராமைச் சந்தேகித்துக்கொண்டிருப்பாய்.

சிபியூவின் 30ஆம் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பிபியூவில் 14 முதல் 17 வரை நான்கும் அப்படியே, தொங்கவிட்டால் பின்னணி நிறம் கெடும். 21.477 மெகாஹெர்ட்ஸ் கிளாக் ஒரே இடத்திலிருந்து இரண்டுக்கும் போகட்டும். முதல் தடவை உயிர் கொடுத்ததும் திரையைப் பார்க்காதே, சிபியூவின் 31ஆம் காலில் 1.79 மெகாஹெர்ட்ஸ் வருகிறதா என்று பார். சத்தத்துக்கு, சிபியூவின் 1ஆம் காலிலிருந்தும் 2ஆம் காலிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியே 100 ஓம். ஃபேமிகாமில் சத்தம் கேட்ரிட்ஜுக்குள் போய்த் திரும்பி வருவதால், கேட்ரிட்ஜ் சாக்கெட்டை எடுத்துவிட்டால் அதன் 45ஆம் காலையும் 46ஆம் காலையும் நீயே இணைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஒலிபெருக்கியை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். படத்துக்குப் பிபியூவின் 21ஆம் கால். அந்தக் கம்பியை டேட்டா தடங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே, செங்குத்துப் பட்டைகள் விழும். டிரான்சிஸ்டர் பஃபரைக் காலுக்கு ஒட்டியே வை.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பழைய அடாப்டரைச் சோதனைக்கு எடுத்தால் அதன் நடு முனை நெகட்டிவ், ஞாபகம் வை. ஒற்றை லித்தியம் செல்லிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏற்றப் போகிறாய் என்றால், திரையோடு சேர்த்து 1 ஆம்பியர் என்று கணக்குப் போடு. செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது, வோல்டேஜை ஏற்றுகிற பூஸ்ட் கன்வெர்ட்டர் உள்ளே இழுப்பது கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர். அட்டையில் "2 ஆம்பியர்" என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் சூடாகிக் கழன்றுகொள்ளும், ஆட்டம் நடுவில் நிற்கும். கன்வெர்ட்டரின் இரைச்சல் படத்தில் சாய்ந்த கோடாக ஓடும். பிபியூவுக்குப் போகிற 5 வோல்ட்டில் ஒரு சின்ன இண்டக்டரும் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், ஒவ்வொரு ஐசி பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபாரடும் போடு.

செல்லின் மேல் நேராக ஈயம் வைக்காதே, பட்டை வெல்டு செய்த செல்லாக வாங்கு. செல்லுக்குச் சார்ஜ் ஏற்றுகிற டிபி4056 போர்டு, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகுதான் சார்ஜை நிறுத்தும். ஆட்டம் ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறினால் அந்த அளவுக்குக் குறையவே குறையாது, செல் 4.2 வோல்ட்டிலேயே கிடக்கும். அதனால் லோடுக்குத் தனிப் பாதை கொடு. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே. தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் சொல்லவில்லை. பகலில் போடு. வேலைக்குப் போகிறவனுக்குப் பகலில் ஏது நேரம் என்பாய். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சரி, அது இருக்கட்டும்.

பெரியவள் விஷயமாக ஒரு சங்கதி உண்டு, வேறு கடிதத்தில் எழுதுகிறேன். உன்னிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை, அப்பா உட்பட. ஆனால் மூணே காலுக்கு ஈயம் வைக்காதே. உன் இணைப்புகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன, 373 பக்கத்தில் இரண்டு மட்டும் மங்கலாக, மணலாகத் தெரிகின்றன. அது சூடு போதாத இணைப்பு. அசந்த கையில்தான் அப்படி வரும். மறுபடி ஃப்ளக்ஸ் வைத்து உருக்கு.

இன்னொரு 2சி02, ஓட்டிப் பார்த்தது, மேல் அலமாரியில் உன் பழைய டப்பாவில் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் கால் வளையும், ஸ்டாட்டிக் வேறு. அனுப்ப மாட்டேன். ஒரு சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.

அம்மா