பெரியவனின் வகுப்போடு நீ துணைக்குப் போகும்போது

அன்புள்ள தம்பிக்கு,

பெரியவன் வகுப்புச் சுற்றுலாவுக்குத் துணையாக வர நீ பெயர் கொடுத்திருப்பதாக மருமகள் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். இந்த வேலைக்கு அம்மாக்கள்தான் அதிகம் வருவார்கள். பையன்கள் கூட்டத்துக்கு ஓர் அப்பாவும் வந்தால் டீச்சருக்குப் பெரிய ஒத்தாசை.

அன்றைக்கு உன் முதல் வேலை எண்ணுவது. விளக்கம் சொல்வதை டீச்சர் பார்த்துக்கொள்வார். உன் பொறுப்பில் எட்டுப் பேரைக் கொடுத்தால், வண்டி ஏறுமுன், உட்கார்ந்தபின் வண்டி நகருமுன், இறங்கியதும், கழிப்பறைக்குப் போய் வந்ததும், ஓர் இடத்தை விட்டுக் கிளம்புமுன் என்று ஒவ்வொரு தடவையும் எண்ணு. நிற்கவைத்து எண்ணு, நடக்கும்போது வேண்டாம். தலையை மட்டும் எண்ணுவதும் போதாது. அடுத்த குழுப் பையன் ஒருவன் சிநேகிதனோடு பேச உன் வரிசைக்குள் வந்திருப்பான். உன் பையன் ஒருவன் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டிருப்பான். எட்டு சரியாகவே வரும், ஆள் இருக்கமாட்டான். அதனால் தாளில் பெயரை எழுதிவைத்து, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து டிக் போடு. எண்ணி முடித்ததும் எண்ணிக்கையை டீச்சரிடம் வாய்விட்டுச் சொல். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் இடத்தில், அவர் எண்ணியிருப்பார் என்று இவரும், இவர் எண்ணியிருப்பார் என்று அவரும் சும்மா இருந்துவிடுவது சகஜம்.

எட்டுப் பேரையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிடு. பக்கத்தில் இருந்தவனைக் காணோம் என்றால் உனக்கு முன்னால் ஜோடிக்காரன் சொல்லிவிடுவான். வழி தவறினால் தேடி அலையக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடையில் இருக்கும் பணியாளரிடம்தான் கேட்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவை. அப்படி ஒருவனைக் காணவில்லை என்றால், மற்ற ஏழு பேரையும் விட்டுவிட்டு நீ ஓடாதே. அவர்களை இன்னொரு பெரியவரிடம் ஒப்படைத்து, உடனே டீச்சரிடம் சொல். கடைசியாக எண்ணிய இடத்திலிருந்து தேட ஆரம்பி.

வரிசையாக நடக்கும்போது நீ கடைசியில் நில். முன்னால் போகிறவர் கொஞ்சம் வேகம் கூட்டினாலும் வால் பக்கம் இருப்பவன் ஓட வேண்டியிருக்கும். சாலையைக் கடக்கும் இடத்தில் வரிசை இரண்டாக அறுந்துபோகும். அறுந்தால் அறுந்ததுதான். மீதிப் பேரை நிறுத்திவிட்டு அடுத்த முறை கடக்க வை. அந்தப் பக்கம் போனவர்கள் காத்திருக்கட்டும்.

பேருந்தில் வாந்தி வரும், நிச்சயம் யாருக்காவது வரும். குனிந்து போன் பார்க்கும் பையனுக்குக் கண் ‘அசைவில்லை’ என்கிறது, உள்காது ‘அசைகிறோம்’ என்கிறது. அந்த முரண்தான் குமட்டல். யாருக்கு வழக்கமாக வரும் என்று ஏறும்போதே கேட்டு முன்பக்கம் உட்காரவை, தூரத்தில் பார்க்கச் சொல். ஓட்டை இல்லாத பைகள் நாலைந்து, ஈரத் துடைப்பான், ஒரு மாற்றுச் சட்டை கைவசம் இருக்கட்டும். உன் பையில் உள்ள மாத்திரை எதையும் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதே. மருந்து, பெற்றோர் எழுதிக் கொடுத்தபடி டீச்சர் கையால் மட்டும். தின்பண்டமும் அப்படித்தான், யாருக்கு எது ஒவ்வாது என்று உனக்குத் தெரியாது. ஆஸ்துமா உள்ள பையனின் இன்ஹேலர் வண்டியில் கிடக்கக் கூடாது, அவன் போகும் இடமெல்லாம் கூடவே வர வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்லுவார்கள், தப்பு. ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்கச் சொல். ரத்தம் நின்றதா என்று நடுவில் விட்டுப் பார்த்தால் திரும்ப ஆரம்பிக்கும்.

கழிப்பறைக்கு மூன்று நான்கு பேராக அனுப்பு. நீ வெளியே வாசலில் நில். எந்தப் பிள்ளையோடும் மூடிய இடத்தில் தனியாக இருக்க வேண்டாம். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உனக்கும் பாதுகாப்பு. மற்ற பிள்ளைகளின் படத்தை எங்கேயும் போடாதே.

இனி பெரியவன் விஷயம். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பதினொரு வயதில் அப்பா வர வேண்டும் என்றும் இருக்கும், சிநேகிதர்கள் முன்னால் அப்பா பக்கத்தில் நிற்பது கூச்சமாகவும் இருக்கும். உன் குழுவில் இருக்கிறானா, வேறு குழுவில் இருக்கிறானா என்று முந்தின வாரமே அவனிடம் கேள், அவன் சொன்னதை டீச்சரிடம் சொல். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் அங்கே வேண்டாம். சட்டையை இழுத்துவிடுவது, தலையைக் கோதுவது எல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு. உன் குழுவிலேயே இருந்தால் ஜன்னல் சீட்டு அவனுக்கே போகாமல் பார்த்துக்கொள். அதைவிட அதிகமாக நடக்கும் தப்பு இன்னொன்று இருக்கிறது: பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று சொந்தப் பையனை மட்டும் இரண்டு மடங்கு அதட்டுவது. எல்லாரும் சேர்ந்து சத்தம் போட, திட்டு மட்டும் அவனுக்கு விழும். அவன் உண்மையிலேயே தப்பு செய்தால் வேறு துணையாளரைப் பேசச் சொல், நீ அந்த இடத்தில் அப்பாவாக இறங்காதே. அவன் சிநேகிதர்கள் பேசிக்கொண்டது உன் காதில் விழுந்தால், ஆபத்தான விஷயமாக இல்லாதவரை, ராத்திரி அதைக் கிளறாதே. கிளறினால் அடுத்த முறை உன்னை வர வேண்டாம் என்பான்.

சின்னவன் தானும் வருகிறேன் என்று அழுவான். கூட்டிக்கொண்டு போகாதே, ஒரு கண் அவன்மேல் போனால் எட்டுப் பேருக்கு மீதி ஒரு கண்தான். அவன் வகுப்பு எப்போது போகிறது என்று கேட்டு, அந்தத் தேதிக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடு. போனை முழுசாக சார்ஜ் போட்டு, டீச்சர் நம்பரையும் மற்றத் துணையாளர் நம்பரையும் முதல் நாளே ஏற்றிவை, தாளிலும் எழுதிக்கொள்.

அன்புடன்,
அம்மா