அணை நீர்மட்டம் பக்கத்தில் சூரியனுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரியப் புயல் பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தாலே "பூமியைத் தாக்க வருகிறது" என்ற தோரணையில்தான் வருகிறது. அது அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஏறி, இன்று இரவு செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள் என்று உருமாறி எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. வயசானவர்கள் நிஜமாகவே பயப்படுகிறார்கள். இதற்கு மறுப்பு எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை, சூரியன் வீசும் ரேடியோ அலையின் அளவைத் தினமும் ஒரு வரியில் போடச் சொல்லித்தான் கேட்கிறேன்.

நான் புளியரையில் கேபிள் டிவி நடத்துகிறேன். சூரியன் ரேடியோ அலை வீசுகிறது என்பதை வருஷத்துக்கு இரண்டு தடவை தொழிலிலேயே பார்க்கிறவன். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சூரியன் சரியாக சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது டிஷ் சாட்டிலைட்டைப் பார்ப்பதோடு சூரியனையும் சேர்த்தே பார்க்கிறது, சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிப்போய் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும், சில நிமிடத்தில் தானாகவே திரும்பி வரும். உடனே எனக்குப் போன் வரும், பணம் மட்டும் கரெக்டா வாங்குறீங்க என்று. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் கேபிள் நடத்துகிறவர்களுக்கும் இதே பாடுதான். யார் தப்பும் இல்லை, எந்த டிவியும் கெட்டுப்போகாது.

இந்த இரைச்சல்தான் ஒரு பெரிய அறிவியலுக்கே ஆதாரம். இரண்டாம் உலகப்போரில், 1942 பிப்ரவரி கடைசியில், இங்கிலாந்தின் ரேடார்கள் திடீரென்று குழம்பின. ஜெர்மன்காரன் வேலை என்று நினைத்தார்கள். ஜே. எஸ். ஹே என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆராய்ந்து பார்த்தபோது, ரேடார்கள் காட்டிய திசை சூரியனோடு சேர்ந்தே நகர்ந்திருக்கிறது, அந்த நாட்களில் சூரியனில் ஒரு பெரிய கரும்புள்ளியும் இருந்திருக்கிறது. போர் ரகசியம் என்பதால் 1946-ல்தான் அவரால் வெளியிட முடிந்தது. அதே வருஷம் நவம்பரில் கனடாவில் ஒரு பகுதி சூரிய கிரகணம். ஆர்தர் கவிங்டன் என்ற விஞ்ஞானி ரேடியோ கருவியை வைத்துக்கொண்டு பார்த்தார், அன்று சூரியனில் இருந்த ஒரு பெரிய கரும்புள்ளிப் பகுதியை நிலா மறைத்த நேரத்தில் ரேடியோ அளவு சட்டென்று இறங்கியது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை நிலாவை வைத்தே பிடித்துவிட்டார்! 1947 முதல் 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இந்த இரைச்சலைத் தினமும் அளந்து ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள், இன்றைக்கும் அது பென்டிக்டன் என்ற ஊரில் நடக்கிறது. எங்கள் பெரிய டிஷ் வாங்குவது ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் அலை, அதுவும் இதுவும் பக்கத்து வீடு.

சூரியன் அடங்கிக் கிடக்கும் வருஷங்களில் அந்த எண் 65, 70 என்று இருக்கும், உச்சத்தில் 200-ஐத் தாண்டும். ஏறி இறங்க சுமார் 11 வருஷம். எண் ஏறினால் மேல் வளிமண்டலம் சூடாகி விரிகிறது, தாழ்வாகச் சுற்றும் சாட்டிலைட்டுகளுக்கு இழுவை கூடுகிறது என்று கணக்குப் போட இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

புயல் விஷயத்துக்கு வருகிறேன். சூரியனில் வெடிப்பு நடந்ததும் ரேடியோ அலை எட்டு நிமிடத்தில் நம்மிடம் வந்துவிடும். வெடித்துக் கிளம்பிய பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு மேகம், வர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். அந்த மேகம் வேகமானதாக இருந்தால், அதற்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலை, கரோனா எனப்படும் சூரியனின் வெளி வளிமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகும், மேலே போகப்போக அடர்த்தி குறைவதால் அது எழுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் கீழே இறங்கிக்கொண்டே வரும். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து, அதிர்ச்சி அலை எவ்வளவு வேகத்தில் கிளம்பியிருக்கிறது என்று கணிக்கலாம். எலக்ட்ரான்கள் தனியாகப் பாய்ந்தால், ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகம் அவற்றுக்கு, அதிர்வெண் சில வினாடியிலேயே சரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ரூபி பெய்ன்-ஸ்காட் போன்றவர்கள் 1940-களிலேயே இதன் பின்னால் அலைந்தார்கள்.

சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா எல்-1 கிளம்பியபோது அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி எங்கள் செங்கோட்டைக்காரர் என்று நீங்கள் எழுதியதை ஊரே படித்தது, ரொம்ப சந்தோஷம். ஆனால் அதில் இருக்கும் ஏழு கருவிகளில் ரேடியோ கருவி ஒன்றும் இல்லை என்பதையும், அந்த வேலையைத் தரையில் இருந்து, ஆந்திர எல்லையை ஒட்டிய கௌரிபிதனூரில் 1997 முதல் ரேடியோ படக்கருவி செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். நம் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து நிற்கிறது, தொலைதூர விண்பொருட்களின் ரேடியோ மினுமினுப்பை வைத்து சூரியக் காற்றின் வேகத்தையே அளக்கிறது. ஊட்டிக்கு டூர் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதனால் கேட்கிறேன். குண்டாறு, அடவிநயினார் அணை நீர்மட்டமும் தங்கம் விலையும் தினமும் போடுகிறீர்களே, அதன் கீழே அந்த 10.7 சென்டிமீட்டர் எண்ணையும் ஒரு வரியில் போடுங்கள். தினம் பார்க்கிறவனுக்கு எண் ஏறுவது இறங்குவது பழகிவிடும், அப்புறம் "தாக்க வருகிறது" என்று யாராவது அனுப்பினால் முதலில் பேப்பரைப் பார்ப்பான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் டிவி நிற்கும் நாட்களையும் முன்கூட்டியே போட்டால் எங்களுக்குப் பெரிய உதவி. செலவு ஒன்றும் இல்லை, கனடாவில் அளந்ததும் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடுகிறார்கள். அவர்களின் நண்பகல் அளவு நமக்கு இரவு ஒன்றரை மணி, அச்சுக்குப் போவதற்குள் கிடைக்கவில்லை என்றால் முந்தைய நாள் எண்ணைப் போடுங்கள், அதுவே போதும்.

— கேபிள் டிவி நடத்தும் வாசகர், புளியரை, தென்காசி மாவட்டம்