ஸ்பிரிங் விஷயமாக

கண்ணம்மாவுக்கு,

இத்தனை நாள் மூச்சுப்பேச்சு இல்லாமல் இருந்துவிட்டு, நேற்று ஒரே வரி: "13 பவுண்டு ஸ்பிரிங் போடட்டுமா, கூடவே டங்ஸ்டன் ராடும்?" எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தேனே, அதற்குப் பதிலைக் காணோம். போகட்டும். கேட்டதற்குச் சொல்கிறேன்.

உன் மூன்றாம் தலைமுறை க்ளாக் 17 கைத்துப்பாக்கியில், சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை (மேல் பாகத்தை) மறுபடி முன்னால் தள்ளுகிற ரீகாயில் ஸ்பிரிங்காகக் கம்பெனி போட்டுத் தருவது 17 பவுண்டு. போட்டிக்குச் சுடுகிறவர்கள் 15, 13 என்று இறக்குவது வழக்கம்தான். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் ஸ்லைடு வேகமாக வந்து மூடும்போது குழல் முனை குனிந்துவிடும், அடுத்த குண்டுக்குக் குறிபார்க்கிற முன்சைட் இலக்குக்குக் கீழே போய் நிற்கும். இளக்கினால் அது குறையும். ஆனால் ஸ்லைடு பின்னால் போய் கீழ்ச்சட்டமான ஃபிரேமில் ஓங்கி இடிக்கும். இன்னொன்று, க்ளாக்கில் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியின் ஸ்பிரிங், அதாவது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங், இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். ரீகாயில் ஸ்பிரிங் ரொம்ப இளகலாகப் போனால் ஸ்லைடு முழுதாக மூடாது. எதைப் போட்டாலும் சோதித்துப் பார்: மேகசினைக் கழற்று, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார், விரலை விட்டும் பார். டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து, முனையை நேர் மேலே நிமிர்த்தி, மெல்ல விடு. பாதியில் நின்றால் அந்த ஸ்பிரிங் வேண்டாம்.

ராடு என்பது அந்த ஸ்பிரிங்குக்குள் போகிற கம்பி. டங்ஸ்டன் எஃகைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். முனை எம்புவதைக் கொஞ்சம் அடக்கும், நீ போட்டியிடும் டிவிஷனில் (பிரிவில்) அதற்கு இடமுண்டா என்று விதியைப் பார்த்துக்கொள். ஆனால் முன்னால் தொங்கும் அந்தக் கனத்தை நாள் முழுக்கத் தாங்குவது மணிக்கட்டு.

அதற்குத்தான் கேட்கிறேன், திடீரென்று ஏன் ஸ்பிரிங்? சுட்ட தோட்டாவின் வெற்றுக் கேஸ் வெளியே விழாமல் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு குத்திட்டு நிற்கிறதாம், உன் தோழி சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஸ்பிரிங் அதே பழைய ஸ்பிரிங். பழசானால் இளகுமே தவிர இறுகாது. உன் தோட்டாவின் குண்டு 124 கிரெய்ன் எடை, வேகம் நொடிக்கு 1050 அடி. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர் 130 வருகிறது, போட்டியில் குறைந்த சக்தி வகையான மைனருக்கு 125 போதும். வெற்றுக் கேஸைப் பிடித்து இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரில் அழுக்கு சேர விடுகிறவள் இல்லை நீ. மிச்சம் இருப்பது பிடி. கை இளகிக் கொடுத்தால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. இது உனக்கும் தெரியும்.

பரிசளிப்புப் படம் பார்த்தேன். அப்பா அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. கோப்பையை இடது கையில் வைத்திருக்கிறாய். வலது கை முதுகுக்குப் பின்னால். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுகிற பெண், அன்றைக்கு மணிக்கட்டில் பட்டன் போட்டிருக்கிறாய்.

சித்தப்பா கதை உனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று செய். எதையும் மாற்றாமல், அதே துப்பாக்கியை, அதே தோட்டாவோடு, உறுதியாகப் பிடிக்கிற யாரிடமாவது கொடுத்து இரண்டு மேகசின் சுடச் சொல். அவருக்கும் சிக்கினால் ஸ்பிரிங் வாங்கிக்கொள், பணம் நான் போடுகிறேன். சிக்காவிட்டால் அடுத்த போட்டிக்குப் பேர் கொடுக்காதே, எலும்பு டாக்டரைப் பார். என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் அப்பாவிடமாவது சொல். அவர் என்னிடம் சொல்லமாட்டார் என்று நினைத்துக்கொள்.

அறை காலியா என்று விரலை விட்டுப் பார், கண் மட்டும் போதாது. டங்ஸ்டன் ராடு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

அம்மா