ஈட்டனில் படித்த ஜெனரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெனரல் குமாரமங்கலம் பற்றிய கட்டுரையை ஞாயிறு இணைப்பில் இரண்டு முறை படித்தேன். நானும் பீரங்கிப் படைக்காரன். 1966 முதல் 1969 வரை ராணுவத் தளபதியாக இருந்த தமிழர், அதுவும் எங்கள் படையிலிருந்து போனவர் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஆனால், சிறு வயதிலேயே வந்த ஒழுக்கம்தான் அவரை உயர்த்தியது என்று கட்டுரையை முடித்திருந்தது உறுத்துகிறது. அவர் தந்தை டாக்டர் சுப்பராயன், குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். மகன் படித்தது இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில், பிறகு ஊல்விச் ராணுவக் கல்லூரியில். (தம்பி மோகனும் ஈட்டன்தான். அங்கிருந்து வந்தவர் கம்யூனிஸ்ட் ஆனது வேறு கதை.) ஏழைப் பிள்ளைகள் 70 பேருக்கு இலவசக் கல்வி கொடுப்பதற்காக 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் தொடங்கிய பள்ளி அது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பொறாமையில் எழுதவில்லை. வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் வீர விருது பெற்று, போர்க்கைதியாகவும் இருந்தவர் அவர். குண்டு விழும்போது ஜமீன் வந்து குடை பிடிக்காது. ஆனால் அந்தக் களத்துக்கு அதிகாரியாகப் போகும் பாதை அவர் வீட்டு வாசலிலேயே தொடங்கியது.

திருப்பாலைக்குடியில் என் பத்து வயது வேறு மாதிரி. விடியுமுன் அப்பாவின் வத்தை கரை சேரும். வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம். கொடுக்கு கிழித்த விரலில் உப்புநீர் பட்ட எரிச்சல் முதல் மணி அடித்த பிறகும் அடங்காது. ஒழுக்கத்துக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடப்பதை எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்றே தொடங்கிய பள்ளிகள் அவை. எனக்குத் தெரியவந்தது 24 வயதில், அஸ்ஸாமில், ஜீப்பில் போகும்போது. சொன்னவர் அங்கே படித்த லெப்டினன்ட், என்னைவிட இளையவர். அவருக்கு நான் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் உடனே கலாம் ஐயாவைக் காட்டுவார்கள். விமானப்படைத் தேர்வில் 8 இடங்களுக்கு அவர் ஒன்பதாவதாக வந்து திரும்பியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சென்ற மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சைனிக் பள்ளியில் சேர வழி கேட்டு வந்தான். கணக்கில் புலி. உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால் சத்தத்தை வைத்தே வகை சொல்வான். ஒன்பதாம் வகுப்பை முடிக்கப்போகிறான். சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும்தான் சேர்க்கை. ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயது. அந்தத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. இரண்டும் அவனுக்குப் போய்விட்டன. இனி இருப்பது பிளஸ் டூ சமயத்தில் எழுதும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. அதன் வினாத்தாளிலும் தமிழ் கிடையாது.

எனவே ஒரு வேண்டுகோள். சைனிக் பள்ளித் தேர்வு அறிவிப்பு வரும் நாளில், கடைசித் தேதியையும் வயது வரம்பையும் ராமநாதபுரம் மாவட்டப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நானே வெட்டி ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார்,
திருப்பாலைக்குடி.