ஆயாவின் தேவார நோட்டு

சிவமயம்

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஆடி வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மா, பாட்டி, தம்பி எல்லோர் நலமும் அறிய ஆவல். ஃபோனில் நீங்கள் கேட்கும்போதெல்லாம் "நல்லாப் போகுதுப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது. வந்த புதிதில் உங்களுக்கு எழுதிய ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும். அதற்குக் கடிதம்தான் சரி.

அங்கே ஆடிக்காற்று அடிக்கும்போது இங்கே குளிர்காலம். ஒரு ஸ்வெட்டர் போதும், அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பல்கலைக்கழகம் மேட்டில் இருக்கிறது. ஏறி நின்றால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரியும்.

என் ஆப்பராப் படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம் அது. மேடையில் எங்களுக்கு மைக் கிடையாது, அப்பா. முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்போதும் வெறும் குரல்தான் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். கத்துவதால் அது நடப்பதில்லை. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம்தான் கனமாக இருக்கும், மேலே போகப்போக மெலியும். பயின்ற குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு செறிவு கூடுகிறது. ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும் அந்த இடத்தில் குரல் தனியாகக் கேட்கும். இதை அளந்து சொன்னவர் யோஹான் சுண்ட்பெர்க் என்ற சுவீடன்காரர். இதைப் படித்த அன்று எனக்கு உங்கள் நினைவுதான். கரண்ட் போன நாட்களில் நீங்கள் கோயில் அர்த்தமண்டபத்தில் நின்று தேவாரம் பாடுவது கொடிமரத்தடியில் இருக்கும் எனக்குச் சொல் சொல்லாகக் கேட்குமே!

கொட்டாவி வரும்போது மேலண்ணம் உயருமல்லவா, அப்படியே நிறுத்தி 'ஆ' பாடு என்பார் டீச்சர். அது சீக்கிரம் வந்துவிட்டது. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் கமகத்தை விடுவதற்குத்தான் பாடாய்ப் பட்டேன். நிஷாதத்தில் ('நி') நில் என்றால் என் குரல் தானாக மேல் ஸட்ஜத்தை ('ஸ') தொட்டுவிட்டு வரும். "அழகாக இருக்கிறது, ஆனால் இந்தப் பாட்டில் அது கிடையாது" என்று பொறுமையாகச் சொன்னார். அசையாமல் நிற்க ஆறு வாரம் ஆயிற்று. அறைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சங்கராபரணம் பாடிப் பார்த்தேன், எங்கே மறந்துவிட்டதோ என்ற பயத்தில். மறக்கவில்லை.

என் வகுப்பில் டர்பனை ஒட்டிய உம்லாசியிலிருந்து வரும் ஜூலுப் பையன் ஒருவன் இருக்கிறான். சின்ன வயதிலிருந்து சர்ச் கோஷ்டியில் பாடியவன். அவர்கள் ஐந்து கோடு போட்ட நொட்டேஷனைவிட டோ, ரே, மி எழுத்துகளைத்தான் அதிகம் வாசிக்கிறார்கள். அந்தக் காலத்து மிஷனரிகள் கொண்டுவந்த முறை. எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் ஆதாரம் டோதான், நம் 'ஸ' மாதிரியே. அவன் டோ-ரே என்று பாட, நான் ஸ-ரி என்று பாட, ஒரே மெட்டு! அன்றைக்கே நண்பர்களாகிவிட்டோம். ஆப்பராப் பாடகி பிரிட்டி யெண்டே இந்த நாட்டின் சின்ன ஊர் ஒன்றில் பிறந்து 2013-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடியவர். அவர் பெயரைச் சொன்னாலே இவன் நிமிர்ந்து உட்காருவான்.

இனி உச்சரிப்பு வகுப்பு. எனக்கு இத்தாலியும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. ஆனால் பாட வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒலிக்குறி எழுதி, அதற்கும் கீழே பொருள் எழுதிக் காட்டினால்தான் வாய் திறக்க விடுவார்கள். இத்தாலியில் 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. இந்த இரட்டிப்பு மற்றவர்களுக்குத் திண்டாட்டம். இலை, இல்லை என்று பேசி வளர்ந்த எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

இப்போது நான் திரும்பப் பெற வேண்டியதற்கு வருகிறேன். வந்த முதல் மாதம், "இங்கே கோயிலில் தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் பார்த்துப் பொருள் தெரியாமல் பாடுகிறார்கள், கேட்கச் சகிக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். நீங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

வெள்ளிக்கிழமை கூட்டுப்பாட்டில் ஓர் ஆயா எனக்குப் பக்கத்தில் உட்காருவார். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் சொல்கிறார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து முதல் கப்பல் 'ட்ரூரோ' இங்கே வந்தது. அதற்குப் பல வருஷம் கழித்து, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவர் ஆயாவின் தாத்தா. ஆயாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அவருடைய அப்பா எழுதியது. எல்லாமே இங்கிலீஷ் எழுத்து, ஆனால் ஒவ்வொரு நெடிலுக்கும் மேலே சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு. 'ழ' வரும் இடத்திலெல்லாம் அடியில் ஒரு புள்ளி. ஓரமெல்லாம் விபூதிக் கறை. அந்த மனிதர் யாரிடமோ கேட்டுக் கேட்டு, தன் பிள்ளைகள் பிசகாமல் பாட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறார், அப்பா. எங்கள் வகுப்பில் செய்வதும் இதேதான்!

அந்தப் புள்ளி எதற்கு என்று ஆயாவுக்குத் தெரியவில்லை. சொல்லித் தர ஆள் இல்லாமல் போய்விட்டது. நான் வகுப்புக் கைக்கண்ணாடியை எடுத்துப்போய், நாக்கை எப்படி உள்ளே வளைப்பது என்று காட்டினேன். மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. மூன்றாவது வாரம் 'மழை' என்று சுத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இங்கிலீஷில் கேட்டார்: "நீ படிக்கிற பாட்டெல்லாம் உனக்குப் புரியுமா, கண்ணு?" 'கண்ணு' மட்டும் தமிழ். கீழே பொருள் எழுதி வைத்துக்கொள்வேன் என்றேன். "அப்போ எனக்கும் எழுதிக் கொடு" என்றார்.

அதனால் இப்போது ஒவ்வொரு பாட்டாகப் பதம் பிரித்து, அடியில் பொருள் எழுதுகிறேன். சில இடங்களில் எனக்கே சரியாகப் பொருள் தெரியவில்லை. சிறு வயதிலிருந்து உங்கள் பின்னால் நின்று பாடியவள், கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே பாடியிருக்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். பழம்பஞ்சுரப் பண்ணில் ஒரு தேவாரப் பதிகம் நிதானமாகப் பாடி, தம்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதலில் பதம் பிரித்து வாயால் சொல்லுங்கள், பிறகு பாடுங்கள். பழம்பஞ்சுரம் சங்கராபரணம்தானே, ஸ்வரஸ்தானமெல்லாம் இங்கே பியானோவில் தினமும் கேட்பவைதான். இங்கே சாயங்காலம் நாலரை என்றால் அங்கே எட்டு, பூஜை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும் நேரம். ஆயாவுக்கு இடது காது மந்தம், அதனால் ஃபேனை அணைத்துவிட்டுப் பாடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. பாட்டியிடம் ஆயாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்